கண்ணாடி போன பின்னும் நிற்கும் பெயர்

அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைகளில் ‘கிளாஸ் பெடிங்’ என்றொரு வேலை உண்டு. ரைஃபிளின் இரும்பு உடலை மரக்கட்டையிலிருந்து கழற்றுவார்கள். கட்டையின் குழிவில் ஒரு பசையைப் பூசி, இரும்பை மறுபடி அதில் அமர்த்தி, பசை இறுகும்வரை அசைக்காமல் வைப்பார்கள். இறுகியதும் கழற்றிப் பார்த்தால் இரும்பின் அடிப்பக்கத்து மேடு பள்ளம் அத்தனையும் அந்தப் பசையில் பதிந்திருக்கும். அதன்பின் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் இரும்பு அதே இடத்தில்தான் போய் உட்காரும்.

கிளாஸ் என்றால் கண்ணாடி, பெடிங் என்றால் படுக்கை அமைப்பது. ஆனால் வேலை முடிந்த துப்பாக்கியில் கண்ணாடி என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இருக்காது. இன்று இந்த வேலைக்குப் பலரும் விரும்பி வாங்கும் பசைகள் சிலவற்றில் கண்ணாடி துளிகூடக் கிடையாது. எஃகுத் தூளோ அலுமினியத் தூளோ கலந்தவை அவை. அவற்றைப் பூசுகிறவரும் ‘கிளாஸ் பெடிங் செய்கிறேன்’ என்றுதான் சொல்கிறார். பொருள் விலகிய பிறகும் பெயர் விலகாமல் நிற்கும் இந்த இடம், சொல் ஆராய்கிறவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம். இரண்டு சொற்களில் பழையது படுக்கைதான். அதிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன், இரும்புக்கு மரத்தில் படுக்கை ஏன் வேண்டும் என்று தெரிய வேண்டும். குழலுக்குப் பின்னால், தோட்டாவை ஏற்று, பூட்டி, வெடிக்கச் செய்யும் பகுதியை ‘ஆக்‌ஷன்’ என்பார்கள். அது இரண்டு மூன்று திருகாணிகளால் கட்டையோடு இறுக்கப்பட்டிருக்கிறது. சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அந்த உதையை மரத்துக்குக் கடத்துவது ஆக்‌ஷனின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இரும்புப் பல். ‘ரீகாய்ல் லக்’ என்பது அதன் பெயர். இந்தப் பல்லின் பின்முகம் மரத்தோடு முழுமையாகப் பொருந்தவில்லை என்றால், ஒவ்வொரு வெடிக்கும் ஆக்‌ஷன் மயிரிழை அளவு நகரும். நகர்ந்தது பழைய இடத்துக்கே திரும்பும் என்று சொல்ல முடியாது. இன்னொரு தொல்லையும் உண்டு. குழிவின் தளம் சமமாக இல்லாவிட்டால், திருகாணியை முடுக்கும்போது இரும்பே சற்று வளையும். இரும்பா வளையும் என்று தோன்றலாம். குறி பார்த்துச் சுடுகிறவர்கள் 100 கெஜத் தொலைவில் ஓர் அங்குல வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளை அடக்கப் பாடுபடுகிறவர்கள். அந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத வளைவும் பெரிய வளைவுதான்.

மரத்தின் குணமும் சேர்ந்துகொள்கிறது. வால்நட் மரத்தைப் பல ஆண்டுகள் உலர்த்திக் கடைந்தாலும் அது காற்றின் ஈரத்தைக் குடிப்பதை நிறுத்துவதில்லை. மழைக்காலத்தில் இழைக்குக் குறுக்கே பருக்கிறது, வெயிலில் சுருங்குகிறது. நேற்று பொருந்திய குழிவு இன்று பொருந்தாது. அமெரிக்க மரைன் படை 1966-இல் ஏற்ற எம்40 என்னும் குறிசுடும் ரைஃபிளுக்கு மரக்கட்டைதான் இருந்தது. வியட்நாமின் ஈரக்காட்டில் அந்தக் கட்டைகள் உப்பி வளைந்தன. 1970களில் வந்த எம்40ஏ1-இல் மரம் போய்க் கண்ணாடியிழைக் கட்டை வந்தது.

இனிப் படுக்கை. ‘பெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறங்கும் இடம் என்பதே முதற்பொருள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆற்றின் அடித்தளமும் ஆங்கிலத்தில் பெட்தான். செடி வளர்க்கும் பாத்தியும், கொத்தனார் கல்லை அமர்த்தும் சாந்துப் படலமும் பெட்தான். மார்ட்டர் பீரங்கியைத் தாங்கிய பருத்த மரக்கட்டைக்கும் பழைய காலத்தில் பெட் என்றே பெயர். சொல்லின் வேரைத் தேடியவர்களில் பலர், தோண்டுதல் என்ற பொருளுடைய ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேரை இதற்குக் காட்டுகிறார்கள். லத்தீனில் தோண்டுவதைக் குறிக்கும் வினை அதே வேரிலிருந்து வந்தது. வேல்ஸ் மொழியில் ‘பெத்’ என்றால் கல்லறை. அப்படியானால் பெட் என்பது முதலில் தரையில் தோண்டிய குழிவு. அதில் விலங்கோ மனிதனோ படுத்தது பின்னால் வந்த பொருள். இந்த வேர் விளக்கத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. எனக்கு இது சரியென்றே படுகிறது. காரணம், துப்பாக்கித் தச்சர் உளியெடுத்துக் கட்டையில் செய்யும் முதல் வேலை தோண்டுவதுதான்.

தமிழ் வேறு வழியில் போய் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. ‘படு’ என்ற வினையிலிருந்து படுக்கையும் வந்தது, ஆற்றுப் படுகையும் வந்தது. நிலக்கரிப் படுகை என்று நிலவியலாரும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் குழியைப் பார்த்தது. தமிழ் அதில் படிந்து கிடப்பதைப் பார்த்தது.

கண்ணாடி வருவதற்கு முன்பே ‘பெடிங்’ இருந்தது. மரத்தைக் குடைந்து இரும்பை அமர்த்துவது பல நூற்றாண்டுக் கலை. இரும்பின் அடியில் எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியை மெல்லத் தடவுவார்கள். அதை மரக்குழிவில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். கரி ஒட்டிய இடம் மேடு. அந்த மேட்டை மட்டும் உளியாலோ சுரண்டியாலோ வழித்து, மறுபடி கரி தடவி வைப்பார்கள். கரிப்பொட்டுகள் குழிவு முழுக்கச் சீராகப் பரவும்வரை இது நடக்கும். ஒரு நல்ல கட்டைக்கு நாட்கணக்கில் ஆகும். கையில் பொறுமையும் கண்ணில் கூர்மையும் இல்லாதவர் இந்த வேலையைத் தொடக்கூடாது. ஒரு முறை அதிகமாகச் சீவிவிட்டால் மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க வழி இல்லை. இப்படிக் குடைந்து பொருத்திய பழைய ஐரோப்பிய வேட்டைத் துப்பாக்கிகளைப் பார்த்தால், இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் தாள் நுழையாது. இந்தத் திறமைக்கு ஈடாக நான் எந்தப் பசையையும் வைக்க மாட்டேன்.

கட்டையின் ஆங்கிலப் பெயரும் இங்கே பேசப்பட வேண்டியது. ‘ஸ்டாக்’ என்பது பழைய ஆங்கிலத்தில் மரத்தின் அடித்தண்டு, வெட்டிய மரத்துண்டு. நாமும் துப்பாக்கியின் அந்தப் பகுதியைக் கட்டை என்றே சொல்கிறோம். ‘துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார்’ என்று செய்தித்தாள் எழுதும்போது யாரும் விளக்கம் கேட்பதில்லை. மற்றப் பெயர்களோ குழலைப் பற்றியவை. துப்பாக்கி என்ற சொல் துருக்கியிலிருந்து நடந்து வந்தது. அங்கே ‘துஃபெக்’, பாரசீகத்தில் ‘துஃபங்’, தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘துபாகி’, ‘துப்பாக்கி’ போன்ற வடிவங்கள். வெடிமருந்துக்கு முன்பே துருக்கியர் பறவையடிக்க வாயால் ஊதிய குழலின் பெயர் அது. தமிழில் ‘துப்பு’ என்ற வினையோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான். ரைஃபிள் என்ற பெயரும் குழலுக்குள்ளேயே இருக்கிறது. குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் கீறல்களே அந்தப் பெயருக்குக் காரணம். கீறுதல், அரம் போடுதல் என்ற பொருளில் பழைய பிரெஞ்சில் இருந்த வினை அதன் மூலம். குழலுக்கு இத்தனை பெயர்ப் பெருமை இருக்க, மரத்துக்கும் அதன் பொருத்தத்துக்கும் கிடைத்தவை ஸ்டாக், பெடிங் என்ற இரண்டு எளிய சொற்கள். குறியின் துல்லியத்தில் இந்த எளிய பக்கத்துக்கும் பங்கு உண்டு.

கண்ணாடியின் கதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் சூடுபிடிக்கிறது. அங்கே கண்ணாடித் தொழில் நடத்திய எட்வர்ட் டிரம்மண்ட் லிபி, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் கண்ணாடி இழையையும் பட்டையும் சேர்த்து நெய்த ஓர் உடுப்பைக் காட்சிக்கு வைத்தார். ஜார்ஜியா கேவன் என்ற நாடக நடிகைக்காக நெய்தது அது. ஸ்பெயின் நாட்டு இளவரசி யூலாலியாவும் அதுபோல் ஒன்று வேண்டுமென்று கேட்டார். உடுத்தி நடமாடப் பயன்படாத துணிதான். ஆனாலும் கண்ணாடியை நூலாக இழுக்கலாம் என்று ஊரே பார்த்தது. லிபியிடம் வேலை பார்த்த மைக்கேல் ஓவன்ஸ் பின்னாளில் புட்டி செய்யும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அவர் பெயரைத் தாங்கிய ஓவன்ஸ்-இல்லினாய் நிறுவனத்தில், 1932-இல் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றுகொண்டிருந்தார். அழுத்தக் காற்றின் வீச்சு உருகிய கண்ணாடியின் மேல் பட்டு, அது மெல்லிய இழைகளாகச் சிதறியது. வேண்டாத விளைவு என்று அவர்கள் அதை ஒதுக்கிவிடவில்லை. கேம்ஸ் ஸ்லேட்டர் அதைத் தொழில்முறையாக வளர்த்தார். 1938-இல் ஓவன்ஸ்-கார்னிங் ஃபைபர்கிளாஸ் என்ற நிறுவனம் பிறந்தது.

அந்த நிறுவனம் தன் பொருளுக்கு இட்ட பெயரில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. ஆங்கிலத்தில் கண்ணாடியை எழுதும்போது இறுதியில் ‘எஸ்’ எழுத்து இரண்டு வரும். இவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். பொதுச்சொல்லை வணிகப் பெயராகப் பதிவு செய்ய முடியாது. ஓர் எழுத்தைக் குறைத்தால் அது தனிச்சொல். மக்களோ கைவிட்ட எழுத்தைத் திரும்பச் சேர்த்து எழுதி, அதை எல்லோருக்கும் உரிய பொதுச்சொல்லாக்கிவிட்டார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு படகு, கார், தூண்டில் கழி, அலைச்சறுக்குப் பலகை என்று எங்கும் அந்தப் பொருள் பரவியது. 1953-இல் வந்த செவர்லே கார்வெட் காரின் உடலே ஃபைபர்கிளாஸ். பேச்சில் சொல் தேய்ந்தது. முன்பாதி உதிர்ந்து ‘கிளாஸ்’ மட்டும் நின்றது. அலைச்சறுக்குப் பலகை செய்கிறவர்கள் பிசினும் இழையும் பூசுவதை ‘கிளாஸிங்’ என்று வினையாகவே ஆக்கிக்கொண்டார்கள். துப்பாக்கிப் பட்டறைக்குள் கண்ணாடி நுழைந்தது இப்படித் தேய்ந்த உருவில்தான்.

இழை தனியாக எதையும் தாங்காது. அதைப் பிடித்து நிறுத்த ஒரு பிசின் வேண்டும். துப்பாக்கி வேலையில் அந்தப் பிசின் எபாக்ஸி. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டான் அதை உருவாக்கியபோது அவர் வேலை பார்த்தது பல்மருத்துவப் பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில். பொய்ப்பல் கட்டுவதற்கு ஏற்ற பொருளைத் தேடினார். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ பூச்சுகளுக்காக அதே வகைப் பிசினைச் செய்தார். நம் வீடுகளில் உடைந்ததை ஒட்ட வாங்கும் அரால்டைட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எபாக்ஸியின் பெருமை அதன் ஒட்டும் வலிமை மட்டும் அல்ல; இறுகும்போது மிகக் குறைவாகவே அது சுருங்கும். வாய்க்குள் பொருந்த வேண்டியதற்கு அந்தக் குணம் தேவை. இரும்பின் அடியில் பொருந்த வேண்டியதற்கும் அதே குணம்தான் தேவை.

அமெரிக்கத் துப்பாக்கித் தச்சர்களிடம் இந்தப் பசையைப் பெருமளவில் கொண்டுபோனது அயோவா மாநிலத்து மாண்டிசூமா என்ற சிற்றூரின் பிரௌனெல்ஸ் நிறுவனம். பாப் பிரௌனெல் 1939-இல் தொடங்கியது. அவர்களுடைய பசையின் பெயர் ‘ஆக்ராகிளாஸ்’. முன்பாதியில் துல்லியத்துக்கான ஆங்கிலச் சொல் ஒலிக்கிறது. பின்பாதியில் கண்ணாடி, அதுவும் ஒற்றை எஸ்ஸோடு. ஓவன்ஸ்-கார்னிங் விட்ட எழுத்தை இவர்களும் விட்டார்கள். பெட்டிக்குள் இரண்டு பாகப் பிசின், மரநிறச் சாயம், அதோடு பஞ்சுபோல் பொடித்த கண்ணாடியிழை. பிசின் நீர்த்திருக்கும், இழையைக் கலந்தால் கெட்டிப்படும், ஓடாது, வலுவும் கூடும். ஆக, இந்தக் கட்டத்தில் கிளாஸ் பெடிங் என்பது எழுத்துக்கு எழுத்து உண்மையான பெயர். தோண்டிய குழிவு இருந்தது, கண்ணாடியும் இருந்தது.

வேலையின் நுணுக்கங்களில் ஒன்றிரண்டைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பூசுவதற்கு முன் இரும்பு முழுவதும் ஒட்டாமல் இருக்க மெழுகு தேய்ப்பார்கள். சிலர் சப்பாத்து மெழுகையே தேய்ப்பார்கள். திருகாணித் துளைகளிலும் வெட்டுகளிலும் களிமண் அடைப்பார்கள். ரீகாய்ல் லக்கின் முன்பக்கம், பக்கவாட்டு, அடி ஆகிய இடங்களில் ஒட்டுநாடா சுற்றுவார்கள். பின்னர் நாடாவை உரித்தால் அங்கெல்லாம் சிறு இடைவெளி கிடைக்கும். உதையைத் தாங்கும் பின்முகம் மட்டும் பிசினோடு முழுதாகப் பொருந்தும். மெழுகு தேய்க்க மறந்தால் இரும்பும் கட்டையும் ஒன்றாகிவிடும், எளிதில் பிரிக்க முடியாது. பெஞ்ச்ரெஸ்ட் எனப்படும் மேசைவைத்துச் சுடும் போட்டிக்காரர்களில் சிலர் வேண்டுமென்றே அப்படி ஒட்டிவிடுவதும் உண்டு. ராணுவத்தின் பக்கமிருந்தும் இந்த முறைக்கு அங்கீகாரம் வந்தது. 1960களில் போட்டிகளுக்கென்று அமெரிக்கப் படை தயாரித்த எம்14 நேஷனல் மேட்ச் ரைஃபிள்களின் கட்டைகளுக்குக் கிளாஸ் பெடிங் செய்தே கொடுத்தார்கள். வியட்நாமில் குறிசுடுவோர் ஏந்திய எம்21 அந்த வழியில் வந்தது.

பிறகு கண்ணாடி மெல்ல வெளியேறியது. ஓடாத கூழ் வடிவில் பசைகள் வந்தபோது இழை கலக்க வேண்டிய தேவை குறைந்தது. ஆக்ராகிளாஸே கூழ் வடிவமாக வந்தபோது, அதே பெயரைத் தாங்கி வந்தது. இயந்திரப் பட்டறைகளில் தேய்ந்த தண்டை நிரப்பும் டெவ்கான் வகை எஃகுப் பசையையும், படகு பழுதுபார்க்கும் மரைன்-டெக்ஸையும் தச்சர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவை இன்னும் கடினமானவை. திருகாணிகள் மரத்தை நசுக்காமல் இருக்க அலுமினியக் குழாய்த் தூண்களை நட்டு அவற்றின் மேல் ஆக்‌ஷனை இருத்தும் முறையும் வந்தது. அதற்கு ‘பில்லர் பெடிங்’ என்று தனிப்பெயர் கிடைத்தது. எஃகுப் பசைக்கோ தனிப்பெயர் கிடைக்கவில்லை. தூண் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய புதுமை. கட்டையின் உள்ளே தெரியாமல் கிடக்கும் பசையில் எஃகுப் பொடி இருந்தால் என்ன, கண்ணாடிப் பொடி இருந்தால் என்ன? பெயர் பொருளிலிருந்து செய்முறைக்கு இடம் மாறிவிட்டது. கிளாஸ் என்றால் இப்போது ‘குழைத்துப் பூசி இறுகவைப்பது’.  

இங்கே சொல்வரலாறு ஒரு பழைய கதவைத் திறக்கிறது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கி.பி. 98-ஐ ஒட்டி எழுதிய ‘ஜெர்மானியா’ நூலில் பால்டிக் கடற்கரையில் ஒதுங்கும் அம்பரைப் பற்றிப் பேசுகிறார். அங்குள்ள மக்கள் அதை ‘கிளேசும்’ என்று அழைப்பதாகக் குறிக்கிறார். அவருக்கு முன்பே பிளினியும் அந்தச் சொல்லைப் பதிந்திருக்கிறார். அம்பர் கிடைத்த தீவுக்கு ரோமானியப் படையினர் அந்தச் சொல்லை வைத்தே ‘கிளேசாரியா’ என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தின் கிளாஸும் இந்தக் கிளேசும் ஒரே வேரின் கிளைகள் என்பதே மொழியியலாரிடையே பரவலான கருத்து. வேரின் பொருள் ஒளிர்தல். அம்பர் என்பது மரத்திலிருந்து வடிந்து காலப்போக்கில் கல்லாக இறுகிய பிசின். வடமக்கள் தங்கள் கடற்கரையில் பொறுக்கிய இறுகிய பிசினுக்கு வழங்கிய சொல், ரோமானியரின் கண்ணாடிப் பண்டங்களைக் கண்டபின் அவற்றின் மேல் ஏறியது என்று கொள்ளலாம். இரண்டாயிரம் ஆண்டு கழித்து, கண்ணாடி இல்லாத எபாக்ஸியை ‘கிளாஸ்’ என்று அயோவாவில் ஒருவர் சொல்லும்போது, சொல் மறுபடி இறுகிய பிசினையே குறிக்கிறது. யாரும் திட்டமிட்டு நடந்தது அல்ல இது. சொற்களைத் தொடர்ந்து போனால் எப்போதாவது இப்படி ஒன்று கிடைக்கும். கிடைக்கும்போது வரும் மகிழ்ச்சியை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

இந்த வேலையைத் தமிழ் வாசகருக்கு ஒரே உவமையில் விளக்கச் சொன்னால் நான் அஷ்டபந்தனத்தைச் சொல்வேன். கருவறையில் மூர்த்தியைப் பீடத்தில் நிறுத்தி, இடைவெளியில் சாத்தும் மருந்து அது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுப் பொருள்களை இடித்துக் குழைப்பார்கள். அரக்கும் குங்கிலியமும் பிசின். சுக்கானும் காவியும் நிரப்பும் தூள். பஞ்சு இழை. பிசின், தூள், இழை என்ற அதே மூன்று கூட்டு. கல் தன் பீடத்தில் ஆடாமல் நிற்க வேண்டும் என்ற அதே நோக்கம். நம்மவர்கள் எட்டையும் எண்ணிப் பெயரிட்டார்கள், ஆகவே ஒன்றை விட்டால் பெயரே பொய்யாகும். அமெரிக்கத் தச்சர்கள் கூட்டில் ஒன்றை மட்டும் பிடித்துப் பெயரிட்டார்கள். அந்த ஒன்று போனது.

ஏன் அந்த ஒன்றைப் பிடித்தார்கள்? இழை என்பது அவர்களுக்குப் புதிதல்ல. சணலும் பருத்தியும் எப்போதும் இருந்தவை. கண்ணாடி இழையானதுதான் புதுமை. பெயரைப் புதுமை பிடித்துக்கொண்டது என்பது என் எண்ணம். நம் கடற்கரையில் ஃபைபர்கிளாஸ் என்ற இதே சொல் எதிர்ப்பக்கம் உடைந்ததைப் பாருங்கள். கட்டுமரமும் மர வள்ளமும் இருந்த இடத்தில் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக அவை ஏராளமாக வந்து இறங்கின. மீனவர்கள் அவற்றை ‘பைபர்’ என்கிறார்கள். ‘பைபர் போட்டு’, ‘பைபர்ல போனோம்’ என்பது பேச்சு. கண்ணாடி அங்கே உதிர்ந்துவிட்டது. செல்போன் ‘செல்’ ஆனதுபோல் கடன்சொல்லின் முன்பாதி நமக்குப் போதுமானதாக இருக்கிறது. ஃபைபர் என்றால் இழை என்ற பொருள் தெரியாத காதுக்கு, முதலில் விழுந்த ஒலியே பெயர். அதனால் அது குறையுள்ள பெயர் ஆகிவிடாது. மரத்தால் ஆகாத படகு என்று அந்தச் சொல் தெளிவாகச் சொல்கிறது, கடலுக்குப் போகிறவருக்கு வேண்டிய செய்தி அதுதான்.

பாடநூல்களும் அரசு ஏடுகளும் ‘கண்ணாடியிழை’ என்று எழுதுகின்றன, நல்ல சொல். ஆனால் கரையில் வழங்கும் ‘பைபர்’ அகராதியில் ஏறவில்லை என்றால், ஐம்பது ஆண்டுகள் கழித்து அதன் வழியைத் தேடுகிறவருக்குப் பிடிகயிறு இருக்காது. கிளாஸ் பெடிங்கின் வரலாற்றை இவ்வளவு தூரம் தொடர முடிந்தது, நிறுவனப் பதிவுகளும் விற்பனைப் பட்டியல்களும் ஆங்கிலத்தில் அச்சில் இருப்பதால்தான். நம் தச்சுப் பட்டறைகளிலும் படகுத்துறைகளிலும் வழங்கும் பெயர்களுக்கு அப்படிப்பட்ட அச்சுச் சான்று குறைவு. உங்கள் ஊரில் படகு பூசுகிறவரோ, ஸ்தபதியோ, மரம் கடைகிறவரோ இருந்தால், அவர் கைப்பொருள்களுக்குச் சொல்லும் பெயர்களைக் கேட்டு, ஊரும் ஆண்டும் சேர்த்து எழுதிவையுங்கள். அந்தப் பெயர் வழக்குக்கு வந்த காலத்தில் எந்தப் பொருளை வைத்து வேலை நடந்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.